பாட்டுப் பெட்டியை எப்போது திறப்பது?

(இராமநாதபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வீட்டில் பழைய ஆம்பிளிஃபயர், வால்வு ரேடியோ, ரெக்கார்டு பிளேயர், டேப் டெக் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பார்கள். "நல்லாத்தானே பாடுது, அதை எதுக்குப் போய்த் திறக்கணும்?" என்பது ஒன்று. "இத்தனை வருஷம் ஆச்சுன்னா உள்ளே இருக்கிற கண்டன்சரையெல்லாம் மொத்தமா மாத்திரணுமாமே, உண்மையா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்காரர் பெட்டி ஊமையாகும்வரை காத்திருப்பார். இரண்டாவது கேள்விக்காரர் நன்றாக இருக்கிற பெட்டியை ஒரே மதியத்தில் கெடுத்துவிடுவார். இருவருக்கும் சேர்த்து இன்று பதில் சொல்கிறேன்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சொல்லும் பதில் இந்தக் கரைக்குச் சரிவராது. இங்கே ஒரு பெட்டியின் வயதை வாங்கிய ஆண்டை வைத்துக் கணக்குப் போட முடியாது. எந்தக் காற்றில் நின்றது, எவ்வளவு காலம் ஓடாமல் கிடந்தது, எவ்வளவு சூட்டில் வேலை செய்தது, இந்த மூன்றும்தான் அதன் வயது. மூன்றில் காற்றுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

இந்தக் கரையில் இத்தனை பெட்டிகள் சேர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையின் ஏக்கலையில் பெரிய சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவினார்கள். போர் முடிந்ததும் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பித்தது. அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, டெல்லியில் பி.வி.கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கிப்போனது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித் பாரதி வந்த பிறகுதான் அது மெல்லத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பாட்டு கேட்க ஆசைப்பட்டவர்களின் கை கொழும்பை நோக்கித்தான் திருகியது.

மதுரைக்காரரும் சேலத்துக்காரரும் சிற்றலையில் ஏறி இறங்கும் இரைச்சலோடு மல்லுக்கட்டினார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் குறைவு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், நிலத்தைத் தழுவிப் போகும் மத்திய அலை கடல்மீது போகும்போது அதிகம் தேய்வதில்லை. இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலையும், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரலையும் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவதுபோல இந்த ஊர் கேட்டதற்குக் காரணம் அந்த உப்புதான். இன்று அதே உப்புதான் அந்தப் பெட்டிகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

அடுத்த அலை வளைகுடாவிலிருந்து வந்தது. 1970-களிலும் 80-களிலும் சவூதிக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் போன நம் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது நேஷனல் பானசோனிக், சோனி, அகாய், சான்சூயி என்று ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊருக்குப் போனாலும் பழைய வீட்டின் கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள் ஒன்று இருக்கும். இந்த மண்ணில் பிறந்த நாகூர் ஹனிபாவின் இசைத்தட்டு அதன் பக்கத்தில் இருக்கும். திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் மைக் செட் கட்டிய சவுண்டு சர்வீஸ்காரர்களிடம் வால்வு ஆம்பிளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் இன்னும் கிடக்கின்றன. பொதுவாக ஹை-ஃபை என்றால் பணக்கார வீட்டுச் சாமான் என்று நினைப்பார்கள். இந்தக் கரையில் அது கடல் தாண்டி உழைத்தவர்களின் சம்பாத்தியம். அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசுகிறேன்.

இனி உப்புக்கு வருவோம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. உலோகம் எப்படி அரிக்கிறது என்பது அவர்களுடைய முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. அதற்கான களச் சோதனைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் மண்டபமும் ஒன்று. இரும்பு, துத்தநாகம், அலுமினியத் தகடுகளைக் கடற்காற்றில் மாட்டி வைத்து, மாதக் கணக்கில், வருடக் கணக்கில் எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். அரிப்பை ஆராய வேண்டுமானால் மண்டபத்துக்கு வா என்கிற அளவுக்குக் கடுமையான காற்று இது. 1914 பிப்ரவரியில் திறந்த பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பர்வரை ரயிலைச் சுமந்தது. விடாமல் சுரண்டி, பெயின்ட் அடித்து, அரித்துப்போன தகட்டை மாற்றிக்கொண்டே இருந்ததால்தான் அது அத்தனை காலம் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். இரும்புப் பாலத்துக்கே இந்தக் கவனிப்பு வேண்டியிருக்கும்போது, தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி சுற்றிய சுருளுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உப்பு பெட்டிக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எப்போது சர்வீஸ் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில்தான் இருக்கிறது. காய்ந்த உப்புத்தூள் பலகையின்மேல் உட்கார்ந்திருந்தால் உடனே கெடுதல் இல்லை. அது ஈரமானால்தான் மின்சாரம் கடத்தும், உலோகத்தை அரிக்கும். சாப்பாட்டு உப்பு காற்றில் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தொட்டவுடன் தானே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடல் உப்பில் இதோடு மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 விழுக்காடு ஈரம் போதும். வெயில் கொளுத்தும் சித்திரை மதியத்தில்கூட நம் காற்றில் அதைவிட அதிக ஈரம் இருக்கிறது. அதாவது, கடற்காற்றில் வந்து படிந்த உப்பு இந்தக் கரையில் முழுசாகக் காய்வதே கிடையாது. சுவிட்சின் தொடுமுனையில், ரிலேயின் உள்ளே, ஈயம் வைத்த இடத்தில், அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகு முட்டும் மூலையில் மெல்லிய ஈரப் படலமாக அது இருந்துகொண்டே இருக்கும். இரண்டு வேறு உலோகம், நடுவே உப்பு நீர். மின்கலத்துக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருக்கிறது.

இப்போது காற்றின் கணக்கைப் பாருங்கள். வைகாசி கடைசியிலிருந்து ஆவணிவரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்து ஏர்வாடி, கீழக்கரை, மண்டபம் தெற்குக் கரையில் ஏறி அடிக்கிறது. அந்த மாதங்களில் நமக்கு அவ்வளவாக மழை கிடையாது. உப்பு வந்து படியும், கழுவிப் போகாது. பிறகு ஐப்பசியில் வாடை திரும்பி, மழையும் வரும். மூன்று நான்கு மாதம் சேர்ந்த உப்பு அந்த ஈரத்தில் நனைந்து முழு வேகத்தில் வேலையைத் தொடங்குகிறது. கார்த்திகையில் ரேடியோ கெட்டுப்போச்சு என்று கடைக்கு வருபவர்கள் மழையைத் திட்டுகிறார்கள். மழை அதைக் கெடுக்கவில்லை, ஆனியிலும் ஆடியிலும் படிந்த உப்புதான் கெடுத்தது.

ஆகவே தென்கரைக்காரர்களுக்கு என் பதில், வருடத்துக்கு ஒருமுறை புரட்டாசியில் பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். கச்சான் அடங்கியிருக்கும், மழை இன்னும் பிடித்திருக்காது. ஆயுத பூஜையும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டித்தான் வருகிறது. அன்றைக்கு வெளிப்பக்கத்தைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிற நாம், அதற்கு முந்தின வாரமே உள்பக்கத்தையும் பார்த்துவிடலாம். பாக் விரிகுடாப் பக்கத்துக்காரர்கள், தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் வடக்கு, வாடை ஓய்ந்த பிறகு மாசியில் இன்னொருமுறை பார்ப்பது நல்லது. இராமேசுவரத்தில் இரண்டு கடலும் அடிக்கின்றன. அங்கே இருப்பவர்கள் இரண்டு மாதத்தையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சுத்தம் என்று நான் சொல்வது பழுது பார்ப்பதை அல்ல. மேல்மூடியைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது, தொடுமுனைகளைத் துடைப்பது, பச்சை பூத்திருக்கிறதா, எந்தக் கண்டன்சராவது தலை உப்பியிருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். இதில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஸ்பிரிட்டையோ கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயையோ அடித்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் எண்ணெய் கரையும், பிசுக்கு கரையும். உப்பு அதில் கரைவதில்லை என்றே சொல்லலாம். உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். அதனால் உப்புப் படிந்த இடத்தை முதலில் பேட்டரிக் கடையில் கிடைக்கும் வாலை வடிநீரில் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுத்து, பிறகு ஆல்கஹாலால் ஈரத்தை விரட்ட வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. நம் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உப்பின்மேல் உப்பைத் தடவிய கதையாகிவிடும். சைக்கிள் கடை கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் கிட்டே வரக்கூடாது. இத்தனையையும் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுச் செய்ய வேண்டும். பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வு பெட்டியில் அது 300 வோல்ட் அளவுக்கு இருக்கும், ஆளையே கொல்லும். பழக்கம் இல்லாதவர்கள் வால்வு பெட்டியின் அடிப்பக்கத்தைத் திறக்கவே கூடாது, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இனி, பெட்டி தானே சொல்லும் அடையாளங்கள். இதைக் காதால் கற்றுக்கொண்டால் பாதி மெக்கானிக் ஆகிவிடலாம்.

வால்யூமைத் திருகும்போது கரகரவென்றால் அது சாதாரண அழுக்கு, அவசரமில்லை, அடுத்த சுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பக்க ஸ்பீக்கர் மங்கி மங்கிப் போய், சத்தத்தைச் சட்டென்று கூட்டினால் திரும்பி வந்துவிடுகிறது என்றால் ரிலே அல்லது சுவிட்சின் தொடுமுனையில் படலம் பிடித்திருக்கிறது. கூடுதல் மின்சாரம் பாயும்போது அந்தப் படலம் உடைகிறது, மறுபடியும் சேர்கிறது. இதையும் தொடுமுனையைச் சுத்தம் செய்தே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நல்ல மெக்கானிக் இதற்காக ஐ.சி.யையும் டிரான்சிஸ்டரையும் கழற்ற மாட்டார்.

உம்மென்ற அடிச்சுருதி இரைச்சல் வேறு வகை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. நேர்மின்சாரமாக மாற்றும் இடத்தில் அது 100 துடிப்பாகும். அந்தத் துடிப்பை விழுங்கிச் சமன் செய்வது எலக்ட்ரோலிடிக் கண்டன்சர். வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் போல, வரத்து விட்டுவிட்டு வந்தாலும் குழாயில் சீராக விடுகிற வேலை அதற்கு. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிட்டால் கொள்ளளவு குறையும், துடிப்பு ஸ்பீக்கர்வரை வந்துவிடும். வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் அந்த உம் கேட்கிறது, மாதத்துக்கு மாதம் கூடுகிறது என்றால் அப்போது தள்ளிப்போடாதீர்கள். அந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்து கண்டன்சர் ஷார்ட் ஆகிவிட்டால் டிரான்ஸ்பார்மருக்கும் டயோடுக்கும் சுமை ஏறும். கண்டன்சர் எளிதாகக் கிடைக்கும், அந்தப் பெட்டிக்கே உரிய டிரான்ஸ்பார்மர் இனிக் கிடைக்காது.

இன்னும் அவசரமான அடையாளங்களும் உண்டு. சுவிட்சைப் போட்டவுடன் ஸ்பீக்கரில் 'தட்' என்ற அடி முன்னைவிடப் பலமாகக் கேட்பது, ஸ்பீக்கர் கூம்பு ஒரே பக்கமாகத் தள்ளி நின்றுவிடுவது, பாட்டே போடாமல் பெட்டியின் ஒரு பக்க ஹீட் சிங்க் மட்டும் கொதிப்பது, கருகல் வாடை, இவற்றில் எது வந்தாலும் உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும். நேர்மின்சாரம் ஸ்பீக்கருக்குள் போய்க்கொண்டிருக்கலாம், சில விநாடியில் சுருள் எரிந்துவிடும். இன்னொரு பாட்டு கேட்டுவிட்டுப் பார்க்கலாம் என்ற ஆசை இங்கே வேண்டாம்.

ஸ்பீக்கரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 1970, 80-களில் வந்த பல வெளிநாட்டு ஸ்பீக்கர்களில் கூம்பின் விளிம்பு ஃபோமால் ஆனது. பதினைந்து இருபது ஆண்டில் அது தானாகவே பொடிந்துவிடும், பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும். ரப்பர் விளிம்பு நீண்ட காலம் தாங்கும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ விளிம்பை மட்டும் மாற்றினால் போதும், கூம்பையும் சுருளையும் அப்படியே காப்பாற்றலாம். நம் கரையில் இன்னொரு வியாதி உண்டு. காந்தத்தின் நடுவே இருக்கும் குறுகிய இடைவெளியில் இரும்பு துருப்பிடித்துத் தடிக்கும், சுருள் அதில் உரசும். மெதுவான சத்தத்தில் பாடும்போது வீணையின் அதிர்வுக்குப் பின்னால் ஒரு சன்னமான கிறீச்சொலி கேட்டால் அதுதான். கூம்பை இரண்டு பக்கமும் சமமாக விரல் வைத்து அழுத்தினால் உரசல் தெரியும்.

இப்போது, மொத்தமாக மாற்றச் சொல்பவர்களுக்கு வருகிறேன். எலக்ட்ரோலிடிக் கண்டன்சரின் ஆயுள் தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்பது சாதாரண வகை. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கடைப்பிடிக்கும் தோராயக் கணக்கு. பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் 32,000 மணி நேரம். தினம் நான்கு மணி நேரம் பாட்டு கேட்டால் ஏறக்குறைய 22 ஆண்டு. அதே பெட்டியைக் கண்ணாடி அலமாரிக்குள் அடைத்து, மேலே பூவேலை போட்ட துணியைப் போர்த்தி 55 டிகிரிக்கு ஏற்றினால் 11 ஆண்டாகிவிடும். அந்தத் துணி சூட்டையும் அடைக்கிறது, உப்பையும் பிடித்து வைக்கிறது. பெட்டி ஓடாதபோது போர்த்துங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள்.

எனவே பதினைந்து இருபது ஆண்டு தாண்டிய பெட்டியில் எலக்ட்ரோலிடிக்குகளை மீட்டர் வைத்து அளந்து பார்ப்பது நியாயம். அளந்து, கெட்டதை மாற்றுவது அதைவிட நியாயம். அளக்காமல் அத்தனையையும் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய பலகையில் செம்புத் தடம் மெல்லியது, இந்தக் காற்றில் ஏற்கெனவே பலவீனமானது. ஒவ்வொரு முறை ஈயத்தை உருக்கும்போதும் தடம் பெயர்ந்து வரும் ஆபத்து இருக்கிறது. மாற்றிப் போடும் சரக்கும் நல்லதாக இருக்க வேண்டும். போலி டிரான்சிஸ்டரும் போலிக் கண்டன்சரும் சந்தையில் நிறைய. நாற்பது ஆண்டு உழைத்த அசலைத் தூக்கிப்போட்டுவிட்டு நான்கு மாதம் தாங்காத போலியை வைப்பது பெட்டிக்குச் செய்யும் துரோகம்.

இதில் ஒரு விதிவிலக்கை உறுதியாகச் சொல்கிறேன். வால்வு ரேடியோக்களில் மெழுகு தோய்த்த காகிதக் கண்டன்சர்கள் இருக்கும். அவை பாடினாலும் பாடாவிட்டாலும் மாற்றியே ஆக வேண்டும். காகிதம் ஈரத்தை இழுத்து, உயர் வோல்டேஜைக் கசியவிட ஆரம்பித்திருக்கும். அந்தக் கசிவு கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போனால் வால்வு சிவந்து எரியும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் போகும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் வால்வு தயாரிக்கத் தொடங்கிக் கடைகளிலெல்லாம் வால்வு கிடைத்த காலம் போய்விட்டது. இன்று ஒரு வால்வைக் காப்பாற்ற சில கண்டன்சர்களை மாற்றுவது பெரிய செலவில்லை.

அடுத்தது, ஓடாமல் கிடந்த பெட்டி. இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், அதிகமான பெட்டிகள் செத்துப்போவது இங்கேதான். அத்தா காலத்து ரேடியோ, தாத்தா வாங்கிய ஆம்பிளிஃபயர், பரண்மேல் பத்துப் பதினைந்து வருடம் கிடந்திருக்கும். பேரப் பிள்ளை ஆசையாக இறக்கி, துடைத்து, நேராகப் பிளக்கில் மாட்டுவான். ஒரு நிமிடம் பாடும், பிறகு புகை. சும்மா கிடந்த எலக்ட்ரோலிடிக் கண்டன்சருக்குள் அலுமினியத் தகட்டின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துபோயிருக்கும். முழு வோல்டேஜும் ஒரேயடியாக விழுந்தால் அது தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜை ஏற்றினால் படலம் மீண்டும் உருவாகும். இதை மெக்கானிக்குகள் வேரியாக் வைத்து மணிக்கணக்கில் செய்வார்கள். வேரியாக் இல்லாத கடையில் சீரிஸ் போர்டு இருக்கும், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றின் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் விடும் பழைய ஏற்பாடு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஆகையால், இரண்டு வருடத்துக்கு மேல் ஓடாத எந்தப் பெட்டியையும் வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள், "போட்டுப் பார்க்கலை, சீரிஸ்ல போட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டுவதே இந்தக் கரையில் பெரிய சர்வீஸ். உள்ளே ஏறும் இதமான சூடு ஈரத்தை விரட்டுகிறது, கண்டன்சரின் படலம் உயிரோடு இருக்கிறது, சுவிட்சுகள் உரசிச் சுத்தமாகின்றன. கடலைப் பார்த்த சன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காமல் இருப்பது அடுத்தது.

சவூதியிலிருந்து வந்த பெட்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அங்கே அப்போது வீடுகளில் 127 வோல்ட், 60 சுற்று. பெட்டியின் பின்பக்கத்தில் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும். துடைக்கும்போது நகர்ந்து அது 110 அல்லது 127-இல் நின்றுவிட்டால், நம் 230 வோல்ட் ஒரு கணத்தில் டிரான்ஸ்பார்மரைச் சுட்டுவிடும். ஒவ்வொருமுறை இடம் மாற்றிய பிறகும் அதைப் பாருங்கள். மற்றது 60 சுற்று விஷயம். நேரடி ஏ.சி. மோட்டாரில் ஓடும் ரெக்கார்டு பிளேயராக இருந்தால் நம் 50 சுற்றில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். 33⅓ சுற்று 28-க்குக் கீழே போய்விடும், ஹனிபாவின் வெண்கலக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். அதற்கு மோட்டாரைப் பிரித்து எண்ணெய் விட்டுப் பயனில்லை. மோட்டார் முனையில் இருக்கும் சிறு புல்லியை 50 சுற்றுக்கானதாக மாற்றினால் முடிந்தது.

ரெக்கார்டு ஊசிக்கும் மணிக்கணக்கு உண்டு. வைர ஊசி 500 முதல் 1,000 மணி நேரம், நீலக்கல் ஊசி ஏறக்குறைய 50. தேய்ந்த ஊசியால் தட்டைத் தேய்த்தால் எந்த மெக்கானிக்காலும் திருப்பித் தர முடியாது. எத்தனை மணி நேரம் ஓடியது என்று தெரியாத ஊசியை, முதல் தட்டு போடும் முன்பே மாற்றுங்கள். 

கடைசியாக டேப் டெக். வளைகுடாவுக்குப் போன கணவனுக்கு மனைவியும், மகனுக்குத் தாயும் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் இந்தக் கரையில் இருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு அதுதான் கடிதம். அங்கிருந்து பதில் கேசட் வரும். அந்தக் கேசட்டுகள் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. பேசியவர்களில் பலர் இல்லை. அதனால் இந்த ஒரு சாமானுக்கு என் பதில் மாறுகிறது. வருடமும் மாதமும் பார்க்காதீர்கள், இந்த ஆண்டே சர்வீஸ் செய்யுங்கள்.

செய்யும் வரிசை முக்கியம். டெக்கின் ரப்பர் பெல்ட் கறுப்புப் பிசினாக உருகியிருக்கும், அல்லது தளர்ந்திருக்கும். அதை மாற்ற வேண்டும். நாடாவை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளை வழவழத்துப்போயிருந்தால் நாடாவைச் சுருட்டி விழுங்கிவிடும், அதையும் மாற்ற வேண்டும். ஹெட்டை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். முதலில் ஒரு வேண்டாத கேசட்டைப் போட்டு இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேசட்டிலேயே பூஞ்சை பூத்திருந்தால் அதை ஓட்டாமல் தனியே எடுத்து வையுங்கள், ஓட்டினால் அந்தப் பூஞ்சை ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

இதற்குப் பிறகு வழக்கமாக மெக்கானிக் செய்யும் வேலை ஒன்றை இங்கே நிறுத்தி வைக்கச் சொல்கிறேன். ஹெட்டின் பக்கத்தில் சிறு திருகு ஒன்று இருக்கும். அதைத் திருகி ஹெட்டின் சாய்வை நேராக்குவார்கள், புதிதாக வாங்கிய கேசட்டெல்லாம் அப்போது தெளிவாகப் பாடும். ஆனால் உங்கள் வீட்டில் பேசிப் பதிந்த கேசட், அதே டெக்கில், அன்றைக்கு ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்வில் பதிந்தது. ஹெட்டை நேராக்கிவிட்டால் அந்தக் குரலில் மேல்சுருதியெல்லாம் மங்கி, வார்த்தை புரியாமல் போகும். பழைய சாய்வை மறுபடி காது வைத்துத் தேடுவது லேசான காரியமில்லை. எனவே டெக்கைக் கொடுக்கும்போதே "ஹெட் திருகைத் தொட வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதி மூடிமேல் ஒட்டிக் கொடுங்கள். பெல்ட்டும் உருளையும் மாற்றி வாங்கி வந்து, வீட்டில் பதிந்த கேசட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து, ஒரு பிரதியை ஊரிலும் ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமும் வையுங்கள். திருகைத் தொட விடுவது அதற்கு அப்புறம்தான். வளைகுடாவிலிருந்து வந்த கேசட் வேறு டெக்கில் வேறு சாய்வில் பதிந்தது, அதற்கு மட்டும் ஒவ்வொரு கேசட்டுக்கும் தெளிவு வரும்வரை திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக அசைத்துத்தான் பிரதி எடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பக்கத்தில் பேசியவரின் குரலை அறிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் நல்லது, தெளிவு எப்போது வந்தது என்பதை அவர்தான் சொல்ல முடியும்.